எல்லைச் செய்தியைப் படிப்பது எப்படி: அத்தானுக்கும் அவர் மகனுக்கும் ஒரே பதில்

என் அக்கா வீட்டில் இரண்டு கட்சிகள். அத்தான் ஹூஸ்டனில் இருக்கிறார், குடியரசுக் கட்சிக்காரர். மகன் சிகாகோவில் இருக்கிறான். ஜனநாயகக் கட்சிக்காக வீடு வீடாகக் கதவைத் தட்டியவன். இருவரும் நேரில் அரசியல் பேசத் தொடங்கினால் அக்கா சாப்பாட்டுத் தட்டோடு அறைக்குள் போய்விடுவாள். ஆகவே இருவரும் எனக்கு அனுப்புகிறார்கள். "நீயே சொல்லம்மா, எல்லையில் படையெடுப்பா இல்லையா?" என்று அத்தான். "சித்தி, அப்பாவிடம் சொல்லுங்கள், அங்கே ஒன்றுமே இல்லை என்று" என்று மகன்.

மெக்சிகோ எல்லையை ஒட்டிய டெக்சஸ் ஊரான எல் பாசோவில் நான் இருப்பதுதான் காரணம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் மெக்சிகோவில் உள்ள ஹுவாரெஸின் தொழிற்சாலைகளிலிருந்து பாலம் தாண்டி வரும் லாரிகளுக்குச் சுங்கப் பத்திரங்கள் தயாரிப்பது என் வேலை, 2009-இல் சேர்ந்தேன். அலுவலக மாடிப்படியில் நின்றால், ஹுவாரெஸ் மலைச்சரிவில் பைபிளைப் படிக்கச் சொல்லி வெள்ளை எழுத்தில் எழுதியிருப்பது தெரியும். இருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதி அலுத்துப்போய், ஒரு செய்தி வந்தால் நான் அதை எப்படிப் பிரித்துப் பார்க்கிறேன் என்பதை ஒரே கடிதமாக எழுதுகிறேன்.

முதலில் தலைப்பைப் படிக்காதீர்கள், இடத்தைத் தேடுங்கள். மெக்சிகோவுடனான எல்லை 1,954 மைல். 'எல்லையில்' என்று மட்டும் சொல்லும் செய்தி எதையும் சொல்லவில்லை. ஊர் தெரிந்ததும் அடுத்த கேள்வி: சம்பவம் நடந்தது பாலத்திலா, பாலங்களுக்கு நடுவிலா? பாலத்தில், அதாவது அதிகாரபூர்வ நுழைவாயிலில், இருப்பவர்கள் நீலச் சீருடை அணிந்த சுங்க அதிகாரிகள். நடுவில் ஆற்றங்கரையிலும் பாலைவனத்திலும் சுற்றுபவர்கள் பச்சைச் சீருடை அணிந்த எல்லைக் காவல் படையினர். இரண்டும் ஒரே துறையின் பிரிவுகள்தாம். ஆனால் ஒன்று பிடிப்பது பெரும்பாலும் சரக்கு. மற்றது பிடிப்பது பெரும்பாலும் ஆட்கள். தொலைக்காட்சியில் செய்தி வாசிப்பவர் ஃபென்டனில் என்ற செயற்கைப் போதைப்பொருளைப் பற்றிப் பேசும்போது திரையில் ஆறு கடக்கும் குடும்பங்களைக் காட்டினால், அங்கேயே நிறுத்திவிடுங்கள். சொல்லும் படமும் வேறு வேறு செய்திகளிலிருந்து வந்தவை.

ஃபென்டனிலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அத்தான் அனுப்புவதில் பாதி அதுதான். இரண்டு மில்லிகிராம் ஓர் ஆளைக் கொல்லப் போதும் என்பது அமெரிக்கப் போதைத் தடுப்பு முகமையின் கணக்கு. அப்படியென்றால் ஒரு கிலோவில் ஐந்து லட்சம் பேருக்கான நஞ்சு இருக்கிறது. இப்போது போதைக் கடத்தல் கும்பல்காரனாக இருந்து யோசியுங்கள். ஒரு கிலோ என்பது கார்க் கதவின் உள்ளே ஒட்டிவைத்தால் கண்ணுக்கே தெரியாத பொட்டலம். அதைப் பாலைவனத்தில் நடந்து வந்து, அதிகாரியைக் கண்டதும் தஞ்சம் கேட்டுத் தானே சரணடையப்போகும் ஓர் ஏழையிடம் கொடுப்பீர்களா? அமெரிக்க பாஸ்போர்ட் வைத்திருக்கும், தினமும் பாலம் கடக்கும் ஒருவரிடம் கொடுப்பீர்களா? 2021 நிதியாண்டில் ஃபென்டனில் கடத்தலுக்காக மத்திய நீதிமன்றங்களில் தண்டனை பெற்றவர்களில் 86 சதவீதத்தினர் அமெரிக்கக் குடிமக்கள். பிடிபடும் ஃபென்டனிலில் மிகப் பெரும் பகுதி நுழைவாயில்களில்தான் பிடிபடுகிறது.

எங்கள் லாரிகளையே எடுத்துக்கொள்ளுங்கள். தொழிற்சாலை வாசலில் கதவு மூடியதும் கட்டைவிரல் தடிமனுள்ள ஆணி போன்ற ஓர் இரும்பு சீலை அழுத்திப் பூட்டுவார்கள். அதை வெட்டாமல் திறக்க முடியாது. அதன் எண்ணைப் படமெடுத்து எனக்கு அனுப்புவார்கள். நான் பத்திரத்தில் இருக்கும் எண்ணோடு ஒப்பிடுவேன். ஒருமுறை ஏழுக்குப் பதில் ஒன்று போல் தெரிந்தது. பாலத்துக்கு முன்னாலேயே வண்டியை நிறுத்தச் சொன்னேன். ஓட்டுநர் இறங்கிப் போய், சட்டை நுனியால் சீலைத் துடைத்து இன்னொரு படம் அனுப்பினார். ஏழுதான், மேலே தூசி. நாற்பது நிமிடம் போனது. ஆனால் சீல் உண்மையிலேயே மாறியிருந்தால், இடையில் யாரோ கதவைத் திறந்திருக்கிறார்கள் என்று பொருள். சரக்கு எனக்குத் தெரிந்த கார் ஒயர் கட்டுகள். கூடவே தெரியாத ஒன்றும் ஏறியிருக்கலாம். கும்பல்களுக்குத் தேவை எங்கள் வண்டி போன்ற சுத்தமான, வழக்கமான, யாரும் சந்தேகிக்காத வண்டி.

மகனே, நீ இதைப் படித்துவிட்டு "பார்த்தீர்களா அப்பா" என்று தொடங்குவதற்கு முன் ஒன்று. பிடிபட்டதை வைத்துத்தான் இந்தக் கணக்கெல்லாம். நாயும் எக்ஸ்ரே வாயிலும் பாலத்தில் இருக்கின்றன. ஆகவே பாலத்தில் அதிகம் பிடிபடுகிறது. பிடிபடாததைப் பற்றி இந்தப் புள்ளிவிவரம் வாய் திறக்காது. இடைப்பட்ட இடங்களில் எதுவுமே வரவில்லை என்று இதைக் கொண்டு நிரூபிக்க முடியாது.

அடுத்தது எண்ணிக்கை. எல்லைத் துறையின் ஆண்டு அக்டோபர் 1-இல் தொடங்கி செப்டம்பர் 30-இல் முடிகிறது. '2023' என்று படித்தால் அது எந்த 2023 என்று கேளுங்கள். அடுத்து, அவர்கள் எண்ணுவது ஆட்களை அல்ல, பிடித்த தடவைகளை. கொரோனாவைக் காரணம் காட்டி 2020 மார்ச்சில் வந்த 'டைட்டில் 42' விதி 2023 மே வரை இருந்தது. அதன்படி பிடித்தவரை வழக்கு எதுவும் இல்லாமல் சில மணி நேரத்தில் திருப்பி அனுப்பினார்கள். அவர் மறுநாளே மீண்டும் முயன்றார். ஒரே ஆள், மூன்று எண். அதை மூன்று பேர் நுழைந்ததாகச் சொல்வது பொய். அதே நேரம், கண்ணில் பட்டும் கைக்குச் சிக்காமல் போனவர்கள் இந்த எண்ணிக்கைக்குள் வரவே மாட்டார்கள் என்பதும் உண்மை.

மூன்றாவது, எந்த மாதத்தோடு எந்த மாதத்தை ஒப்பிடுகிறார்கள் என்று பாருங்கள். 2023 டிசம்பரில் தெற்கு எல்லையில் காவல் படை பிடித்தது ஏறத்தாழ இரண்டரை லட்சம். மாதக் கணக்கில் அதுவே உச்சம். 2024 டிசம்பரில் அது ஐம்பதாயிரத்துக்கும் கீழே. 2025 மார்ச்சில் சுமார் ஏழாயிரம். டிரம்ப் ஆதரவாளர் முதல் எண்ணையும் கடைசி எண்ணையும் காட்டுவார். பைடன் ஆதரவாளர் முதல் இரண்டை மட்டும் காட்டுவார். நடந்தது இது: 2024 தொடக்கத்திலிருந்து மெக்சிகோ தன் பக்கத்தில் கெடுபிடியைக் கூட்டியது, ஜூன் மாதம் பைடன் தஞ்சம் கேட்பதற்குக் கடும் வரம்பு விதித்தார், 2025 ஜனவரியில் டிரம்ப் அந்தக் கதவை ஏறக்குறைய முழுவதுமாக அடைத்தார். மூன்றையும் சொல்லாத கட்டுரையை நான் பாதியில் மூடிவிடுவேன்.

சுவருக்கும் இதே சோதனைதான். டிரம்பின் முதல் ஆட்சியில் சுமார் 450 மைல் கட்டினார்கள். அதில் பெரும்பகுதி பழைய வேலியைப் பிடுங்கிவிட்டு உயரமாகக் கட்டியது. முன்பு தடுப்பே இல்லாத இடத்தில் எழுந்த முதன்மைச் சுவர் சுமார் 50 மைல். 'கட்டினார்' என்பதும் சரி, 'புதிதாக இல்லை' என்பதும் சரி; இருவரும் இதை வைத்து ஒரு தீபாவளி முழுவதும் சண்டை போட்டீர்கள்.

இனி ரத்தம். 2010-இல் ஹுவாரெஸில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். அதே ஆண்டு, ஆற்றுக்கு இந்தப் பக்கம், எல் பாசோவில் நடந்த கொலைகள் ஐந்து. நடுவில் இருக்கும் ஆற்றில் பல மாதங்கள் கணுக்கால் அளவுத் தண்ணீர்கூட இருக்காது. அப்போது ஹுவாரெஸிலிருந்து தினமும் வேலைக்கு வந்த ஒரு தோழி, சிக்னலில் முன்னால் இருக்கும் காருக்கு ஒரு கார் நீளம் இடம் விட்டு நிறுத்துவாள். "திருப்பி ஓட இடம் வேண்டும்" என்பாள். பாலம் தாண்டி எங்கள் பக்கம் வந்தும் அந்தப் பழக்கம் போகவில்லை. பின்னால் வருபவர்கள் ஹாரன் அடிப்பார்கள். ஆகவே அத்தான், 'கார்ட்டெல் (போதைக் கும்பல்) போர் நம் ஊருக்குள் கொட்டுகிறது' என்ற செய்தி வந்தால், எந்த ஊர், அந்த ஊரின் காவல்துறை எண் என்ன என்று தேடுங்கள். மகனே, நீ எல் பாசோவின் எண்ணை மட்டும் காட்டி 'அமைதி' என்று சொல்லாதே. மூவாயிரம் பேரை எண்ணாமல் விட்டுவிடுகிறாய். 2023 மார்ச்சில் மெக்சிகோவின் எல்லை ஊரான மத்தாமோரோஸில் நான்கு அமெரிக்கர்கள் கடத்தப்பட்டு இருவர் இறந்தபோது உலகமே பேசியது. அதே துப்பாக்கிச் சூட்டில் இறந்த மெக்சிகோ பெண்ணைப் பற்றி ஒரு வரிதான் வந்தது.

'பெரிய தலை பிடிபட்டது' என்ற செய்திக்குத் தனி முறை வைத்திருக்கிறேன்: இரண்டு மாதம் கழித்துத் திரும்பிப் படிப்பது. 2024 ஜூலை 25 அன்று சினலோவா கும்பலின் மூத்த தலைவர் இஸ்மாயில் சம்பாதா, எங்களுக்குப் பக்கத்தில் சாண்டா தெரசாவில் உள்ள ஒரு சிறு விமானத்தளத்தில் கைதானார். கூடவே இறங்கியவர் அதே கும்பலின் முன்னாள் தலைவர் 'எல் சாப்போ' குஸ்மானின் மகன். கைதைக் கொண்டாடிய அறிக்கைகள் ஒரே நாளில் வந்து குவிந்தன. செப்டம்பர் 9 முதல் சினலோவா மாநிலத் தலைநகர் குலியாகானில் சம்பாதாவின் ஆட்களும் சாப்போவின் பிள்ளைகளின் ஆட்களும் மோதத் தொடங்கினார்கள். பள்ளிகள் மூடின, கடைகள் அடைத்தன. அந்தச் செய்தியை நீங்கள் இருவருமே எனக்கு அனுப்பவில்லை. தலைவன் போனால் கும்பல் கலையாது, உடையும். உடைந்த துண்டுகள் ஒன்றையொன்று வெட்டும். 2006 டிசம்பரில் அதிபர் கால்தெரோன் ராணுவத்தை இறக்கியதிலிருந்து மெக்சிகோ இதைப் பார்த்துவருகிறது.

தெற்கே போகும் சரக்கையும் கவனியுங்கள். மெக்சிகோவில் சட்டப்படி துப்பாக்கி விற்பது ராணுவம் மட்டுமே. அங்கே கைப்பற்றி, மூலம் கண்டுபிடிக்க அமெரிக்காவிடம் கொடுத்த துப்பாக்கிகளில், 2014 முதல் 2018 வரை, சுமார் 70 சதவீதம் அமெரிக்காவிலிருந்து வந்தவை. 'கொடுத்த' என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். மெக்சிகோவில் உள்ள எல்லாத் துப்பாக்கிகளிலும் 70 சதவீதம் என்று எழுதினால் தவறு. துப்பாக்கி நிறுவனங்கள் மீது மெக்சிகோ போட்ட வழக்கை 2025 ஜூனில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தள்ளியது. மூன்று தாராளவாத நீதிபதிகளும் அதில் சேர்த்திதான், மகனே.

அரசியல்வாதி பேசினால் பேச்சை விட்டுவிட்டு வாக்கைத் தேடுங்கள். செனட் இணையதளத்தில் ஐந்து நிமிட வேலை. 2006-இல் வேலிச் சட்டம் 80-க்கு 19 என்று நிறைவேறியபோது ஆதரித்தவர்களில் ஒபாமா, ஹிலரி, பைடன் மூவரும் உண்டு. 2024 பிப்ரவரியில் குடியரசுக் கட்சியின் லாங்க்ஃபோர்டு, ஜனநாயகக் கட்சியின் மர்ஃபி, சுயேச்சையான கிர்ஸ்டன் சினிமா என்ற மூன்று செனட்டர்கள் மாதக்கணக்கில் பேசி எழுதிய எல்லை மசோதா, டிரம்ப் எதிர்த்ததால், வெளியான மூன்றே நாளில் விழுந்தது. எல்லை எரிகிறது என்று சொன்னவர்களே தண்ணீர் வாளியைத் தட்டிவிட்டார்கள். அத்தானுக்கு இது பிடிக்காது. நான் எழுதத்தான் செய்வேன். மகனுக்குப் பிடிக்காதது இது: 2022 டிசம்பரில் எங்கள் ஊரின் சேக்ரட் ஹார்ட் தேவாலயத்தைச் சுற்றி, உறையும் குளிரில், எல்லை தாண்டி வந்த மக்கள் நடைபாதையில் போர்வைக்குள் படுத்திருந்தார்கள். அவசரநிலை அறிவித்த மேயர் ஜனநாயகக் கட்சிக்காரர். அதற்குச் சில மாதங்களுக்கு முன்பு அவர் நகராட்சியும் அப்படி வந்தவர்களை பஸ் ஏற்றி நியூயார்க் அனுப்பியது. அனுப்பியது டெக்சஸ் ஆளுநர் மட்டும் என்று நீ நினைத்துக்கொண்டிருந்தாய்.

'படையெடுப்பு' என்ற சொல்லை மட்டும் எனக்கு அனுப்பாதீர்கள் அத்தான். 2019 ஆகஸ்ட் 3 அன்று டல்லாஸ் பக்கமிருந்து பல மணி நேரம் கார் ஓட்டி வந்த ஒருவன், அதே சொல்லை எழுதிவைத்துவிட்டு, இங்குள்ள வால்மார்ட்டில் 23 பேரைக் கொன்றான். நான் பள்ளித் திறப்புக்கு நோட்டுப் புத்தகம் வாங்கும் கடை அது.

ஸ்பானிஷ் தெரியாவிட்டாலும் கைப்பேசியின் மொழிபெயர்ப்பை வைத்து உள்ளூர்ப் பத்திரிகையைப் பாருங்கள்: குலியாகானுக்கு ரியோதோசே, திஹுவானாவுக்கு ஸேட்டா. ஆனால் அங்கே செய்தி இல்லாவிட்டால் சம்பவம் இல்லை என்று முடிவுகட்டாதீர்கள். ரியோதோசேயை நிறுவியவர்களுள் ஒருவரான ஹாவியர் வால்தெஸை 2017 மே மாதம் பட்டப்பகலில் நடுத்தெருவில் சுட்டுக் கொன்றார்கள். தமௌலிபாஸ் மாநிலத்தில் பல பத்திரிகைகள் கும்பலின் பெயரையே அச்சிடுவதில்லை. பயணம் பற்றிக் கேட்பவர்களுக்கு நான் காட்டுவது அமெரிக்க வெளியுறவுத் துறையின் மாநிலவாரி எச்சரிக்கைப் பக்கம். மெக்சிகோ முழுவதற்கும் ஒரே நிறம் பூசாத ஆவணம் அது.

காணொளி வந்தால் ஒலியை நிறுத்திவிட்டுக் கடைப் பலகை, வண்டி எண் தகடு, நிழல் விழும் திசை ஆகியவற்றைப் பாருங்கள். சென்ற மாதம் அத்தான் 'டெக்சஸ், இன்று காலை' என்று அனுப்பியதில் எண் தகடுகள் எல்லாம் மெக்சிகோவினுடையவை. எரியும் பஸ்ஸின் நெற்றியில் குலியாகான் என்று எழுதியிருந்தது. அதை வட்டமிட்டுத் திருப்பி அனுப்பினேன். "அப்படியென்றால் அங்கே அவ்வளவு மோசமா?" என்று கேட்டார். மோசம்தான் அத்தான், என்று எழுதும்போதே அடுத்த லாரியின் சீல் படம் வந்துவிட்டது.