அடைத்து வைத்த ஈஜிஆரைத் திரும்ப இணைப்பது எப்படி? பழைய டீசல் வண்டி வைத்திருப்பவர்களுக்கு

நம்ம திருநெல்வேலிப் பக்கம் பழைய டீசல் வண்டி கைக்கு வந்தால், முதலில் பானெட்டைத் திறந்து, புகையைத் திருப்பி எஞ்சினுக்குள் விடும் ஈஜிஆர் வால்வைப் பாருங்கள். பல வண்டிகளில் அதை யாராவது ஏற்கெனவே தகடு வைத்து அடைத்திருப்பார்கள். "அத அடச்சி விட்ருவோம் அண்ணாச்சி, பிக்கப் பிச்சிக்கிட்டுப் போவும்" என்று பட்டறையில் சொல்லும்போது கேட்க நன்றாகத்தான் இருக்கும். அடைத்ததும் இழுவை கூடுவதும் நிஜம். ஆனால் அது பெரும்பாலும் கார்பன் பிடித்துத் திறந்தபடியே நின்றுபோன வால்வை மறைத்ததால் வந்த இழுவை. வால்வைக் கழுவி மாட்டியிருந்தாலும் அதே இழுவை வந்திருக்கும்.

ஈஜிஆர் செய்யும் வேலை இதுதான். சைலன்சருக்குப் போகும் புகையில் கொஞ்சத்தைத் திருப்பி எஞ்சினுக்குள்ளேயே விடுகிறது. அந்தப் புகையில் ஆக்சிஜன் குறைவு என்பதால் எரியும் சூடு தணிகிறது. சூடு அதிகமானால் காற்றில் 78 சதவீதம் இருக்கும் நைட்ரஜன் ஆக்சிஜனோடு சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடாக மாறும். மூச்சுக்குழலை அரிக்கிற வாயு அது, கண்ணுக்கும் தெரியாது. முழு ஆக்சிலேட்டரில் வண்டி திணறி ஏறும்போது வால்வு மூடிக்கொள்ள வேண்டும். அதனால் ஒழுங்காக வேலை செய்யும் ஈஜிஆர் உங்கள் ஏற்றத்து இழுவையைப் பிடுங்காது.

அடைத்த வண்டியும் பியூசி என்னும் புகைச் சோதனையில் பாஸாகிறதே என்பீர்கள். டீசல் வண்டிக்கு அங்கே புகையின் கருமையை மட்டும்தான் அளக்கிறார்கள். பிஎஸ் (பாரத் ஸ்டேஜ் என்னும் மாசுத் தரம்) நான்குக்கு முந்தியவற்றுக்கு வரம்பு 65 ஹார்ட்ரிட்ஜ் யூனிட். நைட்ரஜன் ஆக்சைடை அந்தக் கருவி பார்ப்பதே இல்லை. ஆனால் வண்டியை மாசு வரம்புக்குள் பராமரிக்க வேண்டும் என்று 1989 மத்திய மோட்டார் வாகன விதிகளின் 115ஆம் விதி சொல்கிறது. சீட்டு கையில் இருப்பதால் அந்தப் பொறுப்பு தீர்ந்துவிடாது.

இங்கே சொல்வதெல்லாம் வேக்யூமில், அதாவது காற்றை உறிஞ்சும் இழுப்பில், இயங்கும் வால்வுக்கு மட்டும். மோட்டார் வைத்த எலெக்ட்ரானிக் வால்வு, 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ் ஆறு வண்டி இவற்றில் கை வைக்காதீர்கள்.

வாங்கி வைக்க வேண்டியவை

ரிங் ஸ்பேனர் செட், துரு இளக்கும் ஸ்ப்ரே, கார்பரேட்டர் கிளீனர், பழைய டூத் பிரஷ், மூங்கில் குச்சி, இரண்டு பனியன் துணி, கொஞ்சம் மண்ணெண்ணெய் அல்லது டீசல், உங்கள் வண்டிக்குரிய புது பேக்கிங். அப்புறம் மருந்துக் கடையில் ஒரு பெரிய சிரிஞ்ச், ஊசி இல்லாமல். கையுறையும் கண்ணாடியும் அவசியம்.

முதலில் கண்டுபிடிப்பது

எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டிலிருந்து இன்டேக் பக்கம் ஓர் இரும்புக் குழாய் போகும். அது முடிகிற இடத்தில் தட்டையான வட்டத் தலையோடு இருப்பதுதான் வால்வு. தலையில் சின்ன ரப்பர் டியூப் ஒன்று செருகியிருக்கும். குழாயும் வால்வும் சேரும் இடத்தில் பேக்கிங்குக்கு வெளியே தகரத்தின் ஓரம் மெல்லிய கோடாகத் தெரிந்தால் அதுதான் அடைப்புத் தகடு. சில கைகாரர்கள் தகடு வைக்க மாட்டார்கள். டியூபுக்குள் ஒரு சைக்கிள் பால்ரஸையோ குட்டி போல்ட்டையோ திணித்துவிடுவார்கள். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒழுங்காக இருப்பதுபோலத் தெரியும். டியூப் முழுவதையும் விரலால் அழுத்திக்கொண்டே வாருங்கள், கட்டியாக நெருடினால் ஆள் அங்கே இருக்கிறான்.

டியூப் பாதை

டீசல் எஞ்சினுக்கு வேக்யூமைத் தனியாக ஒரு பம்பு தருகிறது. பல வண்டிகளில் அது ஆல்டர்னேட்டரின் முதுகில் இருக்கும். அதே பம்புதான் பிரேக் பூஸ்டருக்கும் வேக்யூம் கொடுக்கிறது. எனவே தடித்த பிரேக் டியூபைத் தொடவே தொடாதீர்கள். மெல்லிய டியூபில் கிழிசல் இருந்தாலும் அப்படியே விடக்கூடாது, பிரேக் மிதி கட்டியாகக்கூடும்.

பம்புக்கும் வால்வுக்கும் நடுவில் ஒரு சோலனாய்டு, அதாவது கரண்டில் திறந்து மூடும் குட்டி வால்வு, இருக்கும். அதில் மூன்று மூக்கு: ஒன்று பம்புக்கு, ஒன்று வால்வுக்கு, மூன்றாவது வெளிக்காற்றுக்கு. இந்த மூன்றாவதைத்தான் எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். அதன் வாயில் சின்ன ஸ்பாஞ்ச் இருக்கும். ஆடிக் காற்றில் வள்ளியூர், பணகுடி ரோட்டில் ஓடுகிற வண்டியில் அது புழுதியால் அடைத்துக்கொள்ளும். அடைத்தால் உள்ளே போன வேக்யூம் வெளியேற வழியில்லாமல் வால்வு திறந்தே நிற்கும். அப்புறம் ஏற்றத்தில் கரும்புகை. பத்து ரூபாய் பெறாத அந்த ஸ்பாஞ்சுக்காகத் தகடு அடித்த வண்டிகள் ஊரில் நிறைய உண்டு. டியூபை எடுக்கும் முன் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். மாற்றிச் செருகினால் செய்த வேலை வீண்.

சிரிஞ்ச் சோதனை

வால்வுத் தலையில் டியூபைக் கழற்றி, சிரிஞ்சை ஒரு துண்டு ரப்பர் டியூபோடு பொருத்தி மெதுவாக இழுங்கள். உள்ளே தண்டு மேலே எழும்ப வேண்டும். இழுத்த சிரிஞ்சைக் கொஞ்ச நேரம் அப்படியே பிடித்திருங்கள். இழுவை தளராமல் நின்றால் தலைக்குள் இருக்கும் டயஃப்ரம் என்னும் சவ்வு நல்லது. காற்று புகுந்து சிரிஞ்சின் பிஸ்டன் தளர்ந்துவிட்டால் டயஃப்ரம் கிழிந்திருக்கிறது. அதைக் கழுவிப் பயனில்லை, வால்வையே மாற்ற வேண்டும். தளராமல் நிற்கிறது, ஆனால் தண்டு அசையவில்லை என்றால் கார்பன்தான் பிடித்திருக்கிறது. தொடர்ந்து படியுங்கள்.

கழற்றுவது

அவசரப்பட்டால் காசு போகும் இடம் இது. உவரி, கூடங்குளம் போன்ற கடற்கரை ஊர் வண்டி என்றால் போல்ட் துரு ஏறி ஒட்டியிருக்கும். முந்தின நாள் மாலையே ஸ்ப்ரே அடித்து ஊறவிடுங்கள். மறுநாள் கால் சுற்று இளக்கி, திரும்பக் கொஞ்சம் இறுக்கி, மறுபடி இளக்கி, இப்படி முன்னும் பின்னுமாகக் கொண்டுவாருங்கள். பைப் மாட்டி நெம்பினால் போல்ட் தலை கையோடு வரும், மிச்சம் மேனிஃபோல்டுக்குள் தங்கிவிடும். அப்புறம் லேத்துக்காரரிடம்தான் போக வேண்டும்.

வால்வு வெளியே வந்ததும் இன்டேக் ஓட்டையில் பனியன் துணியின் ஒரு முனை வெளியே தொங்கும்படி செருகிவிடுங்கள். கார்பன் கட்டி ஒன்று உள்ளே விழுந்தால் எஞ்சினுக்கு ஆபத்து.

கழுவுவது

உள்ளே பார்த்தால், வாணலி அடியில் பிடித்த கரி போலக் கறுப்பாக மினுங்கும். புகைக்கரியோடு எஞ்சின் பிரீதர் வழியாக வரும் ஆயில் ஆவி சேர்ந்ததால் இந்தப் பிசுபிசுப்பு. களக்காட்டு வாழைத்தாரோடு நயினார்குளம் மார்க்கெட் வாசலில் மணிக்கணக்காக ஐடிலிங்கில் நிற்கும் வண்டியில் இது சீக்கிரம் சேரும்.

கட்டியை மூங்கில் குச்சியால் சுரண்டுங்கள். ஸ்க்ரூ டிரைவர் வேண்டாம், வால்வு உட்காரும் இடத்தில் கீறல் விழும். பிறகு கிளீனர் அடித்து பிரஷ்ஷால் தேய்க்கலாம். டயஃப்ரம் பக்கம் கிளீனர் படாமல் தலைகீழாகப் பிடித்துக்கொள்ளுங்கள். கிளீனர் தீப்பற்றும், பக்கத்தில் பீடி சிகரெட் கூடாது. சிரிஞ்சால் தண்டை ஏற்றி இறக்கிக்கொண்டே தேய்த்தால் இடுக்கில் இருப்பதும் வந்துவிடும். கடைசியாக வால்வு மூடிய நிலையில் அதன் வாயில் கொஞ்சம் மண்ணெண்ணெய் ஊற்றுங்கள். அடியில் சொட்டினால் இன்னொரு தடவை கழுவ வேண்டும்.

மாட்டுவது

துணியை எடுத்தீர்களா? சரி. தகடு, பால்ரஸ் எல்லாவற்றையும் அகற்றி, புது பேக்கிங் வைத்து, போல்ட்டுகளைக் கையால் முழுதும் முடுக்கிய பிறகு மாற்றி மாற்றி இறுக்குங்கள். சாதாரண கேஸ்கெட் பசை இங்கே வேண்டாம், அந்தச் சூட்டுக்கு நிற்காது. டியூபுகளைப் படம் பார்த்துச் செருகுங்கள்.

ஸ்டார்ட் செய்து புஸ்ஸென்று சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். எஞ்சின் சூடானதும் பாபநாசத்திலிருந்து காரையார் ஏறும் பாதை மாதிரி நல்ல ஏற்றத்தில் ஓட்டிப் பாருங்கள். முழு ஆக்சிலேட்டரிலும் கரும்புகை தள்ளினால் வால்வு டியூபைக் கழற்றி, பம்பு பக்கத்து முனையை ஒரு போல்ட்டால் தற்காலிகமாக அடைத்து மறுபடி ஏறிப் பாருங்கள். புகை நின்றுவிட்டால் கோளாறு சோலனாய்டிலோ ஆக்சிலேட்டர் சுவிட்சிலோ இருக்கிறது, எலெக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள். புகை நிற்கவில்லை என்றால் ஏர் ஃபில்டர், இன்ஜெக்டர் பக்கம் தேட வேண்டும். சோதனை முடிந்ததும் அந்த போல்ட்டை எடுத்துவிட்டு டியூபைத் திரும்ப மாட்டுங்கள்.

ஒரு வாரம் ஓடிய பிறகு ஆறிய எஞ்சினில் பேக்கிங் ஓரத்தைப் பாருங்கள். கறுப்புக் கோடு விழுந்திருந்தால் புகை கசிகிறது, போல்ட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கினால் போதும்.