போர் தண்ணீர் கீசரை வீட்டிலேயே சுத்தம் செய்வது எப்படி?

தண்ணீர் சுட முன்பைவிட நேரமாகிறதா? சுடும்போது உள்ளே கரகரவென்று சத்தம் கேட்கிறதா? "காயில் போச்சு சார், மாத்திடலாம்" என்று மெக்கானிக் சொல்வதற்கு முன்னால் ஒருமுறை திறந்து பாருங்கள். பெரும்பாலும் காயில், அதாவது தண்ணீரைச் சுடவைக்கும் கம்பி, நன்றாகத்தான் இருக்கும். அதன்மேல் படிந்த உப்புதான் சூடு தண்ணீருக்குப் போகவிடாமல் மறித்துக்கொண்டிருக்கும்.

வடசென்னையில் இது சீக்கிரமே நடக்கும். காட்டுப்பள்ளியில் 2010-ல் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது, நாளுக்கு 100 மில்லியன் லிட்டர் திறன். ஆனாலும் தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் பல வீடுகளில் மெட்ரோ தண்ணீர் (குடிநீர் வாரியம் தருவது) அடுப்படிக்கு, போர் தண்ணீர் மாடித் தொட்டிக்கு என்பதுதான் ஏற்பாடு. கீசருக்குள் போவது மாடித் தொட்டித் தண்ணீர்.

இங்கே சொல்வது சுவரில் நிமிர்ந்து மாட்டியிருக்கும் 15 அல்லது 25 லிட்டர் கீசருக்கு. வாரண்டி இருந்தால் கை வைக்காதீர்கள், கம்பெனி ஆளையே கூப்பிடுங்கள்.

முதலில் கரண்ட். பாத்ரூம் சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. மெயின் போர்டிலுள்ள எம்சிபியை (ட்ரிப் சுவிட்சை) இறக்கி, பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள். தண்ணீர் முழுக்க ஆறட்டும், காலையில் சுடவைத்திருந்தால் சாயங்காலம் ஆரம்பிக்கலாம்.

அடுத்தது தண்ணீரை இறக்குவது. பலர் பாதியில் விட்டுவிடுவது இங்கேதான். கீசருக்குத் தண்ணீர் வரும் வழியிலுள்ள ஆங்கிள் வால்வை மூடிவிட்டு வெந்நீர்க் குழாயைத் திறந்தால் டேங்க் காலியாகிவிடும் என்று நினைப்போம். கொஞ்சம் சொட்டிவிட்டு நின்றுவிடும். காரணம், வெந்நீர் வெளியேறும் பைப்பின் வாய் டேங்கின் உச்சியில் இருக்கிறது. கீழிருந்து புதுத் தண்ணீர் தள்ளினால்தான் மேலே இருப்பது வெளியே வரும். ஆக, தண்ணீர் இறங்க வேண்டியது வெந்நீர்ப் பக்கமாக அல்ல, நீல வளையம் போட்ட குளிர்நீர்ப் பக்கமாக.

ஆங்கிள் வால்வை மூடுங்கள். கீழே பக்கெட் வைத்து, குளிர்நீர்ப் பக்கத்து கனெக்ஷன் பைப்பைக் கழற்றுங்கள். அப்போதும் வராது! அங்கே பித்தளையில் ஒரு சேஃப்டி வால்வு மாட்டியிருப்பார்கள். தண்ணீர் பின்னால் திரும்பாமல் தடுப்பதும் அதன் வேலை. அதிலிருக்கும் சின்ன நெம்புகோலைத் தூக்குங்கள், அல்லது வால்வையே கழற்றிவிடுங்கள். கூடவே சிவப்பு வளையப் பக்கத்து பைப்பையும் கழற்றினால்தான் காற்று உள்ளே போகும். விரலால் மேல் ஓட்டையை அடைத்த ஸ்ட்ராவில் ஜூஸ் நிற்கிற மாதிரிதான் இது, விரலை எடுத்ததும் கொட்டிவிடும். பக்கெட் ஒன்று போதாது, இரண்டு வேண்டும்.

கீழ் மூடியைத் திறந்ததும் ஒயர்களை போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒயர்களைப் பிரித்து, சூட்டின் அளவைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டை உருவிவிட்டு, காயில் தட்டைப் பிடித்திருக்கும் நட்டுகளைக் கழற்றுங்கள். இதற்கு பாக்ஸ் ஸ்பேனர்தான் வேண்டும். ஸ்க்ரூ ஸ்பேனரைப் போட்டால் துருப்பிடித்த நட்டின் முனை மழுங்கிவிடும், அப்புறம் ஒன்றும் செய்ய முடியாது. தட்டு இறங்கும்போது மிச்சத் தண்ணீரோடு மணலும் சுண்ணாம்புச் சில்லும் சேறாகக் கொட்டும். பக்கெட்டை எடுத்துவிடாதீர்கள்.

காயில்மேல் முட்டை ஓடு மாதிரி வெள்ளையாக உட்கார்ந்திருப்பதை ஸ்க்ரூ டிரைவரால் தட்டக் கூடாது, காயிலின் வெளிக்குழாய் கீறிவிடும். பாத்ரூம் ஆசிட்டும் வேண்டாம், அது உலோகத்தையே தின்றுவிடும். மளிகைக் கடையில் கிடைக்கும் சிட்ரிக் ஆசிட், அதாவது எலுமிச்சை உப்பு போதும். ஒரு லிட்டர் வெந்நீருக்கு இரண்டு மூன்று ஸ்பூன் கரைத்து, ஒயர் முனைகள் நனையாதபடி காயிலை மட்டும் ஊறவையுங்கள். நுரைத்துக்கொண்டு வரும். நுரை அடங்கியதும் பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்தால் அடை அடையாகப் பெயரும். டேங்குக்குள் கையை விட்டு அடியில் தங்கிய சில்லை வழித்து எடுத்துவிட்டு, ஒரு மக் தண்ணீர் ஊற்றி அலசுங்கள்.

மல்டிமீட்டர் இருந்தால் இப்போதே காயிலைச் சோதித்துவிடலாம். ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கிடைக்கும் சாதாரண மீட்டரே போதும், டெஸ்டரை நம்பி இந்த வேலை செய்யாதீர்கள். 2000 வாட் காயிலின் இரு முனைக்கும் நடுவே ஏறக்குறைய 26 ஓம் காட்ட வேண்டும். முனைக்கும் காயிலின் உலோக உடம்புக்கும் நடுவே ஏதாவது அளவு காட்டினால் கரண்ட் கசிகிறது என்று அர்த்தம். யோசிக்காமல் மாற்றிவிடுங்கள்.

பல மாடல்களில் அதே தட்டில் இன்னொரு கம்பியும் இருக்கும், ஆனோடு. டேங்கின் இரும்புக்குப் பதிலாகத் தான் அரிபட்டுப்போகும் மெக்னீசியம். சர்வீஸ்காரர்கள் பலர் இதைக் கண்டுகொள்வதே இல்லை. என்னைக் கேட்டால், காயிலைவிட இதுதான் முக்கியம். காயில் போனால் காயிலோடு போகும், ஆனோடு தீர்ந்துபோனால் டேங்கே ஓட்டையாகும். நடுவிலுள்ள இரும்புக் கம்பி வெளியே தெரிய ஆரம்பித்துவிட்டால் மாற்றுங்கள். மரை அளவு மாடலுக்கு மாடல் மாறும், பழையதைக் கையோடு கடைக்குக் கொண்டுபோங்கள்.

திரும்ப மாட்டும்போது ரப்பர் கேஸ்கெட் புதிதாக இருக்கட்டும். நட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். பைப் மரைகளுக்கு டெஃப்லான் டேப் சுற்றி மாட்டி, ஆங்கிள் வால்வைத் திறந்துவிடுங்கள். வெந்நீர்க் குழாயில் காற்று புஸ்ஸென்று வருவது நின்று, தண்ணீர் சீராக ஒழுகும்வரை சுவிட்சைத் தொடவே கூடாது. டேங்க் காலியாக இருக்கும்போது கரண்ட் கொடுத்தால் காயில் கருகிவிடும். வெப்ப அளவை 55 டிகிரி பக்கம் வையுங்கள், சூடு ஏற ஏற உப்பும் வேகமாகப் படியும்.

பின்சேர்க்கை: சுத்தம் செய்தபிறகு ஷவரில் தண்ணீர் நூலாக வருகிறது என்று கொளத்தூரிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். கிளம்பிய சில்லு ஷவர் துளையில் போய் அடைத்திருக்கிறது. முதல் இரண்டு பக்கெட்டை ஷவர் வழியாக விடாமல் கீழ்க் குழாயில் பிடித்துக் கொட்டிவிடுங்கள்.

இன்னொருவருக்கு, சுடும்போது சேஃப்டி வால்வில் சொட்டுகிறதாம். தண்ணீர் சூட்டில் விரிவதால் கொஞ்சம் சொட்டுவது சரிதான், அதை அடைக்காதீர்கள். ஆறியபிறகும் நிற்காமல் சொட்டினால் வால்வை மாற்ற வேண்டும், அல்லது பிரஷர் பம்ப் வைத்த அபார்ட்மென்ட் என்றால் பம்பின் அழுத்தத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.