லைட்னிங் டிரக்கின் பின்சக்கரம் சுழன்றதை நிறுத்திய விதம்

என்னிடம் இருப்பது 2003 ஃபோர்டு எஃப்-150 லைட்னிங், 5.4 லிட்டர் வி8, இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் சூப்பர்சார்ஜர், 380 குதிரைத்திறன், பின்சக்கர இழுவை. எடை பெரும்பாலும் முன்னால், பின்னால் சரக்கு ஏற்றும் தொட்டி காலி, கால் மைல் நேர்கோட்டில் ஓடும் டிராக் ரேஸில் பச்சை விளக்கு விழுந்ததும் மிதித்தால் டயர் நின்ற இடத்திலேயே சுற்றிப் புகைதான் வரும். முதல் 60 அடிக்கே 2.3 வினாடி, கால் மைல் 14.1.

பவர் போதவில்லை என்று பணத்தைக் கொட்டாதீர்கள், எல்லாரிடமும் இதைத்தான் சொல்கிறேன். பின் டயர் காற்றை 35-லிருந்து 26 பிஎஸ்ஐக்கு இறக்கினேன். சாலை டயரோடு, பர்ன்அவுட்டுக்காக (ஓட்டத்துக்கு முன் டயரைச் சுழற்றிச் சூடாக்குவது) தண்ணீர் ஊற்றிய இடத்துக்குள் போகவே கூடாது, டயர் பள்ளங்களில் தங்கும் நீர் தெறித்துச் சொட்டிக்கொண்டே வந்து தொடக்கக் கோட்டை நனைத்துவிடும். அதைச் சுற்றிப் போய், காய்ந்த இடத்தில் லேசாகச் சுழற்றினால் போதும். அப்புறம் வலது கால். பிரேக்கை மிதித்தபடியே இன்ஜினை 1,300 ஆர்பிஎம் வரை ஏற்றிப் பிடித்து, பிரேக்கை விட்டதும் ஆக்சிலரேட்டரைப் பாதி மட்டும்; டயர் தரையைக் கவ்வியது முதுகு சீட்டில் அழுந்தும்போது தெரியும், அதற்குப் பிறகுதான் முழுசாக.

ஒவ்வொரு ஓட்டத்துக்கும் நடுவே பானட்டைத் திறந்து அரை மணி நேரம் ஆறவிட்டேன். அன்று இரவே 60 அடி 2.02, கால் மைல் 13.6. அடுத்து டிராக் ரேடியல், அதாவது தரையை நன்றாகக் கவ்வும் ரேஸ் டயர் போடப்போகிறேன்.