மீன் கொலாஜன் பொடியைப் புரதக் கணக்கில் சேர்க்காதீர்கள்

மும்பை செம்பூரில் உணவு ஆலோசகராக இருக்கிறேன். சென்ற மாதம் தாராவியிலிருந்து ஒரு பெண் தன் மாமியாரை அழைத்து வந்தார். இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை முடிந்து இரண்டு மாதம். பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்தார். "காலையும் மாலையும் தவறாமல் கொடுக்கிறேன் அக்கா. அத்தைக்கு முட்டை பிடிக்காது. இதுதான் இருக்கிறதே என்று நிறுத்திவிட்டேன்." மீன் கொலாஜன். அத்தையின் கெண்டைக்கால் என் கைப்பிடிக்குள் அடங்கியது.

இதே தவறை ஒன்பது ஆண்டுகளுக்கு முன் என் அம்மாவுக்கு நானே செய்தேன். அதனால்தான் எழுதுகிறேன். பாலில் கலப்பதா, தண்ணீரில் கலப்பதா என்பதையெல்லாம் விட்டுவிட்டு, செய்யக்கூடாத தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

கொலாஜனை அன்றைய புரதமாக எண்ணுவது

பதப்படுத்தும் ஆலையில் சதையை எடுத்த பிறகு தலை, முள், தோல், செதில் எல்லாம் மிஞ்சும். அவற்றைப் பயன்படுத்துவதில் குறை ஒன்றுமில்லை. மீன்தலைக் குழம்பு வைத்த வீடுகள்தானே நம்முடையவை. ஆனால் அந்த மிச்சத்திலிருந்து இரண்டு வேறு பொருள்கள் வருகின்றன. தலையிலும் முள்ளிலும் ஒட்டியிருக்கும் சதையை நொதியால் உடைத்தால் கிடைப்பது ஹைட்ரோலைசேட். அது மீன்சதைக்கு நெருங்கிய புரதம். தோலிலும் செதிலிலும் இருந்து எடுப்பது கொலாஜன் பெப்டைட், அதாவது சிறு துண்டுகளாக உடைத்த கொலாஜன் புரதம். கடையில் இரண்டுக்கும் "மீன் புரதம்" என்றே பெயர்.

புரதத்தின் கூறுகளான அமினோ அமிலங்களில், உணவிலிருந்தே கிடைக்கவேண்டிய ஒன்பதில் ஒன்றான டிரிப்டோஃபன் கொலாஜனில் அறவே கிடையாது. தசை வளரத் தூண்டும் லியூசின், பால் திரியும்போது பிரியும் நீரிலிருந்து எடுக்கும் வே புரதத்தில் இருப்பதில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரைதான் இருக்கிறது. டப்பாவில் அச்சிட்ட கிராம் எண்ணோ, நைட்ரஜனை அளந்து பெருக்கிச் சொல்வது. புரதம் எவ்வளவு என்று அது சொல்லும். எப்படிப்பட்டது என்று சொல்லாது.

1970களில் அமெரிக்காவில் எடை குறைக்கத் "திரவப் புரதம்" குடித்தார்கள். பெரும்பாலும் மாட்டுத்தோல் கொலாஜனை உடைத்துச் செய்தது. வேறு உணவே இல்லாமல் மாதக்கணக்கில் அதை மட்டும் குடித்தவர்களில் ஏறத்தாழ 60 பேர் இறந்ததாக 1977–78இல் பதிவாயிற்று. பலருக்கு இதயத்துடிப்பு தாறுமாறாகி உயிர் போயிற்று. நம் வீடுகளில் யாரும் அப்படிப் பட்டினி கிடப்பதில்லை. சாப்பாடு நிறைவாக இருந்தால் கொஞ்சம் கொலாஜன் கெடுதலும் செய்யாது. இரண்டு இட்லியும் ரசமும் சாப்பிடும் மூதாட்டிக்கு அந்த நிறைவு எங்கே இருக்கிறது?

மாட்டுங்காவில் இருந்த அம்மாவுக்கு முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை. எடை 52 கிலோ. ஒரு கிலோவுக்கு 0.83 கிராம் என்ற உலக சுகாதார நிறுவனக் கணக்கில் நாளுக்கு 43 கிராம் புரதம் வேண்டும். அறுவைக்குப் பின் இன்னும் கூடுதலாக. அதில் 20 கிராமைப் பொடியின் பேரில் எழுதிக்கொண்டேன். பருப்பையும் தயிரையும் அம்மா ஒதுக்கியபோது வற்புறுத்தவில்லை. மூன்றாம் மாதம், கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ அவரால் முடியவில்லை. பயிற்சி கொடுக்க வந்தவர் "என்ன சாப்பிடுகிறார்?" என்று கேட்ட அன்று இரவு, குறிப்பேட்டில் அந்த 20ஐ அடித்தேன். மீதி 23. கொலாஜனிலிருந்து கிடைக்கும் ஜெலட்டின் முழுமையற்ற புரதம் என்று தேர்வில் எழுதியவள் நான். நினைத்தால் இன்றும் ஆத்திரம் வருகிறது.

தோல் வறட்சிக்கோ மூட்டுவலிக்கோ குடித்துப் பார்க்க விரும்பினால் பாருங்கள். ஓரளவு பலன் காட்டிய சிறு ஆய்வுகள் உண்டு, அவற்றில் பலவற்றுக்குத் தயாரிப்பாளர்களே பணம் கொடுத்திருக்கிறார்கள் என்பதும் உண்டு. புரதக் கணக்கை மட்டும் முட்டை (ஒன்றில் 6 கிராம்), பருப்பு, தயிர், மீன் ஆகியவற்றிலேயே முடித்துவிடுங்கள்.

மீன் ஒவ்வாமை இருந்தும் குடிப்பது

தொடவே வேண்டாம். சிலருக்குக் கொலாஜனே ஒவ்வாது.

சிறுநீரகக் கல் வந்ததைச் சொல்லாமல் இருப்பது

கொலாஜனில் நிறைய இருக்கும் ஹைட்ராக்சிபுரோலின் உடலில் ஆக்சலேட்டாக மாறும். பெரும்பாலான கற்கள் கால்சியம் ஆக்சலேட்தான். கல் வந்தவர்களும், இரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்றவேண்டிய கழிவு) கூடியவர்களும் மருத்துவரைக் கேட்காமல் ஒரு கரண்டிகூட எடுக்கக்கூடாது.

சைவம் என்று நினைத்து வாங்குவது

செடியில் கொலாஜன் இல்லை. டப்பாவில் அசைவத்தைக் குறிக்கும் பழுப்பு முக்கோணத்தைத் தேடுங்கள்.

உதிரியாகப் பொட்டலத்தில் வாங்குவது

வாங்காதீர்கள். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் (FSSAI) 14 இலக்க உரிம எண் இல்லாத பொடிக்கு யாரும் பொறுப்பில்லை.

அந்த அத்தையிடம் ஊரில் என்ன விரும்பிச் சாப்பிடுவீர்கள் என்று கேட்டேன். நெத்திலிக் குழம்பு என்றார், முகம் மலர்ந்து. நெத்திலியின் இனமான மாந்தேலி இங்கே மீன்காரிகளின் கூடையில் தாராளமாகக் கிடைக்கும். மருமகளுக்கு அதை எழுதிக் கொடுத்தேன். அடுத்த வாரம் அத்தை வந்து, மாந்தேலியில் முள் கொஞ்சம் அதிகம் என்று குறை சொன்னார்.