பேட்கேர்ளின் முன்கதை: கருத்துச் சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்கச் சித்திரக்கதை நிறுவனமான டிசி 2003ஆம் ஆண்டில் 9 இதழ்களாக வெளியிட்ட ‘பேட்கேர்ள்: இயர் ஒன்’, பேட்மேன் கதைகள் நடக்கும் கற்பனை நகரமான கோதமின் இளம்பெண் பார்பரா கார்டன், பேட்கேர்ள் என்ற நாயகியாக முகமூடி அணியத் தொடங்கிய நாள்களைச் சொல்லும் முன்கதை. ஸ்காட் பீட்டியும் சக் டிக்ஸனும் எழுத, மார்கோஸ் மார்ட்டின் சித்திரம் வரைந்தார். இதைப் படித்த வாசகர்கள் சொல்லும் குறைகளில் சில, படித்த முறையால் விளைந்தவை என்றே எனக்குத் தோன்றுகிறது.

முதலில் தவிர்க்க வேண்டியது, வெளியான ஆண்டைப் பார்க்காமல் கருத்துச் சொல்வது. 1988இல் வந்த ஒரு கதையில் பேட்மேனின் பரம எதிரியான ஜோக்கர் பார்பராவைச் சுட்டுவிடுகிறான். தண்டுவடம் பாதிக்கப்பட்டுச் சக்கர நாற்காலிக்கு வந்துவிடும் அவள், அடுத்த ஆண்டு முதல் ‘ஆரக்கிள்’ (குறிசொல்லி) என்ற பெயரில் கணினி வழியே மற்ற நாயகர்களுக்கு உதவுபவளாக மாறுகிறாள். இந்த முன்கதை வந்தபோது அவள் அந்த நாற்காலியில்தான் இருந்தாள். எனவே 2003இன் வாசகருக்கு, கூரைவிட்டுக் கூரை தாவும் ஒவ்வொரு சித்திரமும் பின்னால் நேரப்போவதை நினைவூட்டியிருக்கும். கதையில் பண்டைய கிரேக்கத்து டெல்ஃபியின் குறிசொல்லியைப் பற்றிய பேச்சு வருவதும் அதற்காகத்தான். 2011இல் டிசி தன் கதைகளைப் புதிதாகத் தொடங்கி அவளை மீண்டும் நடக்க வைத்தது. அதற்குப் பிறகு படிக்க வந்தவர்கள் குறிசொல்லிப் பகுதிகளைத் தேவையற்ற அலங்காரம் என்று ஒதுக்குவது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது, ஏனெனில் இந்தக் கதையின் உயிர்நாடியே அங்கேதான் துடிக்கிறது.

“முடிவு தெரிந்த கதையில் என்ன சுவாரசியம்?” என்ற கேள்வியும் இதே இடத்தில் தடுமாறுகிறது. அவள் பேட்கேர்ள் ஆவாளா என்பது எவருக்கும் ஐயமில்லை. எந்தக் கட்டத்தில், எதை மறுத்து, எதைப் பிடிவாதமாகப் பற்றிக்கொண்டு ஆகிறாள் என்பதைத்தான் கதை காட்டுகிறது. காவல்துறையில் சேர விரும்பும் அவளுக்குத் காவல்துறை அதிகாரியான தந்தை ஜிம் கார்டன் குறுக்கே நிற்கிறார். காவலர்களின் மாறுவேட விருந்துக்கு அவள் வௌவால் உடையில் போவதில் அந்தக் கோபமும் கலந்திருக்கிறது. விருந்துக்குள் கில்லர் மாத் என்ற வில்லன் தன் அடியாட்களோடு நுழையும்போது, விளையாட்டாகப் போட்ட உடை சட்டென்று பொறுப்பாகிவிடுகிறது. இந்தத் திருப்பம் நன்றாக அமைந்ததா, இல்லையா என்று எழுதினால் அது பயனுள்ள விமர்சனம்.

கில்லர் மாத் போன்ற சில்லறை வில்லனை ஏன் வைத்தார்கள் என்று கேட்பவர்கள், 1967 ஜனவரி தேதியிட்ட ‘டிடெக்டிவ் காமிக்ஸ்’ 359ஆம் இதழைப் புரட்டிப் பார்க்க வேண்டும். பார்பரா அறிமுகமான அந்தக் கதையிலேயே மாறுவேட விருந்தும் இருக்கிறது, அவனும் இருக்கிறான். பழைய கதையை மதித்து விரித்திருக்கிறார்கள். அவனோடு தீ வைப்பதில் வெறி கொண்ட ஃபயர்ஃப்ளையைச் சேர்த்ததால் ஆபத்தும் கூடியிருக்கிறது.

பேட்மேன் அவளைத் தன் ரகசியக் குகைக்கு அழைத்துச் சென்று சோதிக்கும் பகுதியைப் பற்றி, ஒரு பெண் நாயகியாக ஆண் அனுமதி தர வேண்டுமா என்ற ஆட்சேபம் எழுகிறது. இது நியாயமான கேள்வி, இதை எழுப்பத்தான் வேண்டும். ஆனால் அந்தச் சோதனைக்கு முன்பே, எவர் அனுமதியும் இன்றி அவள் களத்தில் இறங்கிவிட்டாள் என்பதைச் சொல்லாமல் விடுவது அரைகுறை வாதம்.

சித்திரங்கள் சிறுவர் கேலிச்சித்திரம் போல இருப்பதாகச் சொல்பவர்கள், கோடுகள் குறைவாக இருப்பதைத் திறமைக்குறைவு என்று எண்ணிவிடுகிறார்கள். மார்ட்டினின் பக்கங்களில் சண்டையின்போது யார் எங்கே நிற்கிறார், எந்தத் திசையில் தாவுகிறார் என்பதில் குழப்பமே வராது.

இன்னொன்று, பேட்கேர்ளை முதன்முறை சந்திக்கப்போகும் புதிய வாசகருக்காக எழுதும்போது 1988இன் நிகழ்வை முதல் வரியிலேயே போட்டுடைக்க வேண்டாம். அதைப் பேசாமல் இந்தக் கதையை முழுமையாக அலச முடியாது என்பதால், முன்னெச்சரிக்கை ஒன்று தந்துவிட்டுப் பிற்பகுதியில் விரிவாகப் பேசலாம்.