நெட் வருது, சர்வர் வரல: இரண்டு நெட்வொர்க் கார்டு உள்ள கம்ப்யூட்டரில் கோளாறைக் கண்டுபிடிப்பது எப்படி?

சென்னையில் தம்புச் செட்டித் தெரு, லிங்கிச் செட்டித் தெரு பக்கம் உள்ள பல கிளியரிங் ஏஜென்ட் (சுங்கத்தில் சரக்கை விடுவித்துத் தருபவர்) ஆபீஸ்களில் கம்ப்யூட்டருக்கு இரண்டு இணைப்பு இருக்கும். லேன் வயர் சுவிட்சுக்குப் போகும். சர்வரும் பிரிண்டரும் அந்தப் பக்கம். இன்டர்நெட்டுக்கு வைஃபை. திடீரென ஒரு நாள் சுங்கத்துறையின் ஐஸ்கேட் தளம் திறக்கும், சர்வர் திறக்காது. உடனே யாராவது வைஃபையை அணைப்பார்கள், சர்வர் வந்துவிடும். ஆனால் ஷிப்பிங் பில் (ஏற்றுமதிக்கான சுங்கப் படிவம்) போட சர்வரில் இருக்கும் இன்வாய்ஸும் வேண்டும், நெட்டும் வேண்டும். அணைத்து அணைத்து எத்தனை நாள் ஓட்டுவது? இரண்டும் ஒரே நேரத்தில் வேலை செய்யும்படி சரிசெய்ய முடியும். விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் இந்த வழி பொருந்தும்.

முதலில் ஒரு விஷயம் தெளிவாக இருக்கட்டும். சர்வரின் பெயரைச் சொன்னதும் கம்ப்யூட்டர் இரண்டு தேடல் செய்கிறது. பெயருக்குரிய ஐபி எண் எது என்பது முதல் தேடல். அந்த எண் எந்தக் கார்டில் இருக்கிறது, அதாவது அதன் மேக் முகவரி (ஒவ்வொரு கார்டுக்கும் உரிய அடையாள எண்) என்ன என்பது இரண்டாவது. இந்த இரண்டாவது வேலையைச் செய்வது ஏஆர்பி. 1982-இல் வரையறுத்த முறை, இன்றும் அதேதான். பழைய கட்டடத்தில் மாடிப்படி அடியில் நின்று “192.168.1.10 யாருப்பா?” என்று கத்துவது போல அது வேலை செய்கிறது. கட்டடத்துக்கு இரண்டு மாடிப்படி இருந்து, தப்பான மாடிப்படியில் நின்று கத்தினால் பதில் வராது. நம் கோளாறு பெரும்பாலும் இதுதான்.

படி 1: இரண்டு கார்டையும் எழுதி வையுங்கள்

கமாண்ட் ப்ராம்ப்ட்டை (கட்டளை அடிக்கும் ஜன்னல்) திறந்து ஐபிகான்ஃபிக், ஓர் இடம் விட்டு, ஸ்லாஷ் ஆல் என்று அடியுங்கள். லேன், வைஃபை இரண்டுக்கும் ஐபி எண், சப்நெட் மாஸ்க் (எண்ணின் எந்தப் பகுதி நெட்வொர்க்கைக் குறிக்கிறது என்று காட்டுவது), கேட்வே (வெளியே போகும் வாசல்), டிஎன்எஸ் (பெயருக்கு எண் சொல்லும் சர்வர்) எல்லாவற்றையும் தாளில் எழுதுங்கள். லேன் கார்டின் எண் 169.254 என்று தொடங்கினால் அதற்கு யாரும் எண் கொடுக்கவில்லை என்று பொருள். வயரையும் சுவிட்சையும் பார்த்துவிட்டு வாருங்கள்.

மாஸ்க் 255.255.255.0 என்றால், இரண்டு கார்டின் ஐபி எண்களிலும் முதல் மூன்று பகுதிகளை ஒப்பிடுங்கள். இரண்டும் 192.168.1 என்றே இருந்தால் பாதிக் கோளாறு கையில் சிக்கிவிட்டது: சர்வரை எந்தப் பக்கம் தேடுவது என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாது.

படி 2: எண்ணுக்குப் பிங், அப்புறம் பெயருக்குப் பிங்

பிங் என்பது “இருக்கியா?” என்று கேட்டுப் பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை. முதலில் சர்வரின் ஐபி எண்ணுக்கும், அப்புறம் அதன் பெயருக்கும் போடுங்கள். எண்ணுக்குப் போய், பெயருக்குப் போகவில்லை என்றால் படி 5-க்குத் தாவுங்கள்.

எண்ணுக்கே போகவில்லையா? வரும் பதிலை நிதானமாகப் படியுங்கள். “டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்” என்ற வரியில் “ரிப்ளை ஃப்ரம்” என்பதற்குப் பக்கத்தில் இருப்பது உங்கள் கம்ப்யூட்டரின் எண்ணாகவே இருந்தால், ஏஆர்பி கேள்விக்குப் பதிலே வரவில்லை. அந்த எண் உங்கள் இரண்டு கார்டுகளில் எதனுடையது என்று தாளில் பாருங்கள். வைஃபை கார்டின் எண் என்றால், தப்பான மாடிப்படியில் நின்று கத்தியிருக்கிறோம்.

படி 3: ஏஆர்பி பட்டியல்

கமாண்ட் ப்ராம்ப்ட்டில் ஏஆர்பி, இடம் விட்டு, மைனஸ் ஏ என்று அடியுங்கள். ஒவ்வொரு கார்டுக்கும் தனித்தனிப் பட்டியல் வரும். சர்வரின் எண் எந்தக் கார்டின் கீழ் இருக்கிறது, அதன் எதிரே உள்ள மேக் முகவரி நிஜமாகவே சர்வருடையதா என்று சரிபாருங்கள். இதைத் தவிர்க்கவே தவிர்க்காதீர்கள். வைஃபை பக்கம் யாருடைய போனுக்காவது அதே 192.168.1.10 கிடைத்திருந்தால், பிங் நன்றாகப் போகும், சர்வர் மட்டும் திறக்காது. பதில் சொல்வது போன்!

விண்டோஸ் ஏன் வைஃபையைப் பிடிக்கிறது? ஒவ்வொரு கார்டுக்கும் வேகத்தைப் பார்த்து மெட்ரிக் என்ற எண்ணைத் தானாகவே போடுகிறது. குறைந்த எண்ணுக்குத்தான் முன்னுரிமை. பழைய 100 மெகாபிட் சுவிட்சில் மாட்டிய லேன் கார்டுக்கு 35. 500 மெகாபிட்டுக்கு மேல் இணைந்த வைஃபைக்கு 30. புது வைஃபை ரவுட்டர் வாங்கிய மறுநாளே சர்வர் காணாமல் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

படி 4: பக்கங்களைப் பிரியுங்கள்

சர்வருக்கும் பிரிண்டருக்கும் நிலையான எண் இருக்கும், அவற்றைத் தொடாதீர்கள். வைஃபை ரவுட்டருக்குள் போய் அதன் லேன் எண்ணை 192.168.1.1-இலிருந்து 192.168.50.1 ஆக மாற்றுங்கள். லேன் கார்டில் கேட்வே கட்டத்தைக் காலியாக விடுங்கள். கேட்வே வைஃபைக்கு மட்டும் போதும். பிறகு கமாண்ட் ப்ராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து ஏஆர்பி, மைனஸ் டி, நட்சத்திரக் குறி என்று அடித்துப் பழைய பட்டியலை அழியுங்கள்.

ரவுட்டர் பக்கத்து ஆபீஸுடன் பொது என்பதால் அதன் எண்ணை மாற்ற முடியாதா? அப்போது லேன் கார்டின் ஐபிவி4 அமைப்பில் அட்வான்ஸ்டு போய், தானியங்கி மெட்ரிக்கை எடுத்துவிட்டு 10 என்று போடலாம். இது அரைத் தீர்வுதான். டிஎன்எஸ்ஸாக 192.168.1.1 இருந்தால் அந்தக் கேள்வியும் வயர் பக்கம் போய்விடும். வைஃபையில் டிஎன்எஸ்ஸை 8.8.8.8 என மாற்றிவிடுங்கள்.

படி 5: பெயர்

என்எஸ்லுக்கப் காட்டுவதை மட்டும் நம்பாதீர்கள். அது டிஎன்எஸ் சர்வரை நேராகக் கேட்கும், ஹோஸ்ட்ஸ் கோப்பை (பெயரும் எண்ணும் எழுதி வைக்க உங்கள் கம்ப்யூட்டரிலேயே உள்ள பட்டியல்) பார்க்காது. பெயருக்குப் பிங் போடும்போது காட்டும் எண்ணைப் பாருங்கள். சர்வரிலும் வயர், வைஃபை இரண்டும் ஓடினால் அதன் வைஃபை எண் வரக்கூடும். சின்ன ஆபீஸுக்கு ஹோஸ்ட்ஸ் கோப்பே போதும்: நோட்பேடை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, அதில் அந்தக் கோப்பை எடுத்து, சர்வரின் வயர் எண், இடம் விட்டு, பெயர் என ஒரு வரி சேருங்கள். பிறகு ஐபிகான்ஃபிக், இடம் விட்டு, ஸ்லாஷ் ஃப்ளஷ்டிஎன்எஸ் என்று அடித்து, நினைவில் இருக்கும் பழைய பெயர்களை அழியுங்கள்.

ஏஆர்பி பட்டியலில் சரியான மேக் இருந்தும் “ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்” வந்தால் முகவரியில் குற்றமில்லை, சர்வரின் ஃபயர்வாலை (வெளியிலிருந்து வரும் இணைப்பைத் தடுக்கும் காவல்) பாருங்கள். கேட்வே இல்லாத வயரை விண்டோஸ் அடையாளம் தெரியாத நெட்வொர்க் என்று எடுத்துக்கொண்டு பப்ளிக் வகையில் போட்டுவிடும். சர்வரில் அப்படி ஆகியிருந்தால் பிரைவேட் என்று மாற்றிவிட்டு மறுபடி பிங் போடுங்கள்.