இரண்டரை நிமிட ரோபோ ஆட்டம்: முதல்முறை களமிறங்கும் அணிக்கு

மாணவர் அணிகள் லெகோ ரோபோ கட்டிப் போட்டியிடும் ஃபர்ஸ்ட் லெகோ லீக் சேலஞ்சில் ரோபோ ஆட்டம் மொத்தமே 150 விநாடிதான். அந்த நேரத்தில் ரிமோட் கிடையாது. நீங்கள் முன்பே எழுதிவைத்த புரோகிராமை நம்பி ரோபோ தானாகவே ஓடவேண்டும். மேசைமேல் ரோபோ செய்யவேண்டிய ஒவ்வொரு பணியும் ஒரு மிஷன். புதிய அணிகள் பலவும் "எந்த மிஷனுக்கு அதிகப் புள்ளி?" என்று தேடித்தான் ஆரம்பிக்கின்றன. ரோபோ எங்கிருந்து புறப்படுகிறது, எப்படித் திரும்புகிறது என்பதை முதலில் பாருங்கள் என்பேன். புள்ளிகள் பெரும்பாலும் கைவிட்டுப் போவது அங்கேதான்.

கீழே இருப்பவை அண்மைப் போட்டிப் பருவங்களின் விதிகள். ஒவ்வொரு பருவமும் விதிப்புத்தகம் புதிதாக வரும் என்பதால் உங்களுடையதோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

படி 1: மேசையைப் புரிந்துகொள்ளுங்கள்

ஆடும் பரப்பு 2362 மி.மீ. நீளம், 1143 மி.மீ. அகலம். மேலே மேட் விரித்து, லெகோவில் கட்டிய மாடல்களை அதன்மீது வைத்திருப்பார்கள். சில மாடல்கள் டூயல் லாக் பட்டையால் ஒட்டப்பட்டிருக்கும், சில சும்மா நிற்கும். இந்த வித்தியாசத்தைக் கவனியுங்கள். சும்மா நிற்கும் மாடலை ரோபோ போகிற போக்கில் உரசினால் இடம் மாறிவிடும்.

கீழ் ஓரத்தில் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என இரண்டு ஹோம் பகுதிகள் உண்டு. ரோபோவைக் கையால் தொட்டு வேலை செய்ய அங்கே மட்டுமே அனுமதி. ஹோமுக்குள் இருக்கும் லாஞ்ச் பகுதியிலிருந்துதான் ரோபோ கிளம்பவேண்டும்.

எதிரே ஒட்டியிருக்கும் மேசையில் இன்னொரு அணி ஆடும். அவர்கள் உங்களைத் தடுக்க வரமாட்டார்கள். இரண்டு மேசைக்கும் பொதுவாக ஒரு மிஷன் வருவதுண்டு, அவ்வளவுதான்.

படி 2: ரோபோவின் வரம்பு

ஓர் ஆட்டத்தில் ஒரு கன்ட்ரோலர் (புரோகிராமை ஓட்டும், ரோபோவின் மூளைப் பெட்டி), அதிகபட்சம் 4 மோட்டார். சக்கரங்களுக்கு இரண்டு போனால் கைகளுக்கு மீதி இரண்டு. அதனால்தான் அணிகள் ஒவ்வொரு பயணத்துக்கும் (ஹோமிலிருந்து கிளம்பித் திரும்பும் ஒரு சுற்று) வேறு வேறு அட்டாச்மென்டை, அதாவது கழற்றி மாட்டும் கருவியை, மாட்டுகின்றன. எல்லாப் பாகங்களும் லெகோ தயாரிப்பாக இருக்கவேண்டும்.

ஆட்டத்துக்கு முன் சோதனை ஒன்று உண்டு. ரோபோவும் அட்டாச்மென்டுகள் அனைத்தும் ஒரே லாஞ்ச் பகுதிக்குள், 305 மி.மீ. உயரத்துக்குள் அடங்கினால் 20 புள்ளி. ரோபோ நகரவே வேண்டாம், புள்ளி கைக்கு வந்துவிடும். அட்டாச்மென்டைப் பெரிதாகக் கட்டும் ஆசை வரும்போது இந்த 20-ஐ நினைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: பயணங்களைத் திட்டமிடுங்கள்

பெரும்பாலான பருவங்களில் 15 மிஷன் வாக்கில் இருக்கும். எல்லாவற்றையும் முடித்தாகவேண்டும் என்று விதி இல்லை. வரிசையும் உங்கள் விருப்பம்.

இப்போது ஒரு கணக்கு. ஐந்து பயணம் போகிறீர்கள், ஒவ்வொரு முறை திரும்பியதும் அட்டாச்மென்ட் மாற்றி, சரியாக நிறுத்தி, அடுத்த புரோகிராமைத் தேர்ந்தெடுக்க 15 விநாடி ஆகிறது என்று வையுங்கள். நான்கு மாற்றத்துக்கு 60 விநாடி. 150-ல் 60 விநாடி ரோபோ சும்மா நிற்கிறது! மோட்டார் வேகத்தைக் கூட்டுவதைவிட, இந்த 15-ஐ 7 ஆக்குவது எளிது. ரோபோவின் துல்லியமும் கெடாது. லெகோ இணைப்பு ஊசிகள் குத்தி மாட்டும் அட்டாச்மென்டுக்குப் பதிலாக மேலிருந்து அப்படியே இறக்கி உட்காரவைப்பதுபோல வடிவமையுங்கள். மாற்றுவதை மட்டும் தனியாக, ஸ்டாப்வாட்ச் வைத்துப் பயிற்சி செய்யுங்கள்.

பக்கத்துப் பக்கத்து மிஷன்களை ஒரே பயணத்தில் சேருங்கள். தூரமாகப் போய் அங்கேயே நின்றால் போதும் என்கிற பயணத்தைக் கடைசியில் வையுங்கள். அதற்குத் திரும்பிவரும் நேரம் தேவையில்லை.

படி 4: ஒரே மாதிரி ஓடவையுங்கள்

புறப்படும்போது ரோபோ ஒரு டிகிரி திரும்பியிருந்தால், ஒரு மீட்டர் போவதற்குள் கிட்டத்தட்ட 17 மி.மீ. விலகிவிடும். கொக்கி ஒரு வளையத்தைத் தவறவிட அதுவே போதும். ஆகவே கண்ணால் குறிபார்க்காமல், ரோபோவை ஒட்டிவைத்து நேராக்க லெகோ பீம்களில் ஓர் அச்சுச்சட்டம் கட்டிக்கொள்ளுங்கள். வழியில் சுவரில் பின்புறத்தை அழுத்தி நேராக்குவது, கறுப்புக் கோட்டைக் கலர் சென்சாரால் பிடிப்பது, திருப்பங்களுக்கு கைரோவை (திரும்பும் கோணத்தை அளக்கும் சென்சார்) நம்புவது இவையெல்லாம், வழியில் சேர்ந்துவிட்ட பிழையை அழித்துவிடும். பேட்டரி சார்ஜையும் பாருங்கள். நேரம் வைத்து ஓட்டும் புரோகிராம், சார்ஜ் இறங்கினால் குறைந்த தூரமே போகும். சக்கரச் சுழற்சியை அளந்து ஓட்டினால் அந்தத் தொல்லை குறையும்.

படி 5: தொடலாமா, வேண்டாமா?

ஆட்டம் தொடங்கும்போது உங்களிடம் 6 பிரிசிஷன் டோக்கன் இருக்கும். ரோபோ ஹோமுக்கு வெளியே சிக்கிக்கொண்டு நீங்கள் கையால் எடுத்தால் நடுவர் ஒரு டோக்கனை எடுத்துக்கொள்வார். முடிவில் 6 டோக்கன் மிஞ்சினாலும் 5 மிஞ்சினாலும் 50 புள்ளிதான். 4 என்றால் 35, 3 என்றால் 25, 2 என்றால் 15, 1 என்றால் 10.

அதாவது முதல் தொடுதலுக்குப் புள்ளி இழப்பே இல்லை! ரோபோ மாட்டிக்கொண்டதும் பதறி நின்று 20 விநாடியை வீணாக்கும் அணிகள் இந்த அட்டவணையை மனதில் வைக்கவில்லை என்றுதான் அர்த்தம். முதல் தடவை தயங்காமல் எடுங்கள். இரண்டாவதற்கு 15 புள்ளி போகும். மிச்ச நேரத்தில் அதற்கு மேல் சம்பாதிக்க முடியுமா என்று பார்த்து எடுங்கள். அப்போது யார் முடிவெடுப்பது என்பதையும் முன்பே பேசிவையுங்கள். மேசையருகே ஒரே நேரத்தில் நான்கு மாணவர்கள்வரை நிற்கலாம். பயிற்சியாளர் தள்ளித்தான் நிற்கவேண்டும்.

படி 6: மணி அடித்த பிறகு

புள்ளி பொதுவாக ஆட்டம் முடியும் நொடியில் மேசை எப்படி இருக்கிறதோ அதற்குத்தான். முதல் நிமிடத்தில் அழகாகத் தூக்கிய நெம்புகோலை மூன்றாவது பயணத்தில் ரோபோ இடித்துக் கீழே இறக்கிவிட்டால் அந்தப் புள்ளி இல்லை. எனவே மணி அடித்ததும் எதையும் தொடாதீர்கள். நடுவர் உங்களுடன் சேர்ந்து ஒவ்வொரு மிஷனாகப் பார்ப்பார். எதிலாவது உடன்பாடு இல்லையென்றால் மாடல்களை எடுத்துவைக்கும் முன், மரியாதையாக, அங்கேயே கேளுங்கள். மயிரிழையில் முடிவு சொல்ல முடியாத நிலை என்றால் சந்தேகத்தின் பலன் அணிக்கே.

அதிகாரப்பூர்வ ஆட்டங்கள் மூன்று. அவற்றில் அதிகமான புள்ளி மட்டுமே கணக்கு, சமநிலை வந்தால்தான் அதற்கு அடுத்த அதிகப் புள்ளியைப் பார்ப்பார்கள். ஆகவே முதல் ஆட்டத்தில் உறுதியாக வரும் பயணங்களை மட்டும் ஓட்டி ஒரு நல்ல எண்ணை வாங்கிவிடுங்கள். அப்புறம் பத்தில் ஆறு தடவைதான் சரியாக வருகிறது என்று ஒதுக்கிவைத்த அந்தப் பயணத்தை இரண்டாவது ஆட்டத்தில் தைரியமாகச் சேருங்கள்.